காபிக்கு வாய்தா

தலையாட்டிப்பட்டி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். பஸ்ஸில் ஏறி, "இது தலையாட்டிப்பட்டி போகுமா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல் ஒருத்தர் பெரிசாகத் தலையாட்டுவார். அவர் இறங்குகிற இடத்தில் நீங்களும் இறங்கிவிடுங்கள். அதுதான் ஊர்.

அந்த ஊர்க் கடைசியில் ஒரு பழைய கோர்ட்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. தூண் ஒவ்வொன்றும் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. கேஸெல்லாம் டவுனில் கட்டின புதுக் கோர்ட்டுக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று. வௌவால் மட்டும் போகவில்லை.

சும்மா கிடக்கிற கட்டடத்தைச் சத்திரமாக்கினால் கல்யாணக் கூட்டம், பாதயாத்திரைக் கூட்டம் எல்லாம் மொத்தமாக வந்து தங்கலாமே என்று மேலிடத்தில் முடிவு பண்ணினார்கள். ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார். சத்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஊரார் மூன்று பேரை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

முதல் ஆள் கோட்டைமுத்து. குரல் பெரிசு, அதனால் தலைவர். இரண்டாவது சீனியப்பன். சந்தேகம் கேட்காமல் சோற்றைக்கூட வாயில் வைக்கமாட்டார். மூன்றாவது வெள்ளைக்கண்ணு. இவர் கோர்ட்டு தெரிந்தவர். ஒரு ஆடு திருடுபோன கேஸில் சாட்சி சொல்ல இதே கோர்ட்டுக்கு வருஷக்கணக்காக நடந்திருக்கிறார். தீர்ப்பு வருவதற்குள் ஆடு கிழடாகிச் செத்துப்போயிற்று.

ஆபீசர் கையிலிருந்த குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"இது புராதனக் கட்டடம். உள்ளே இருக்கிற ஒரு சாமானையும் அசைக்கக் கூடாது. இத்தனை காலமா இங்கே எது எப்படி நடந்துச்சோ, அந்தச் சம்பிரதாயம் கெடாமப் பாத்துக்கணும். மத்தபடி வர்றவங்க சௌகரியமாத் தங்கிட்டுப் போகட்டும். புரிஞ்சுதா?"

மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

ஆபீசர் படி இறங்கினார். மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தார்.

"குடையை மறந்துட்டேன். எடுத்துக் குடுங்க."

கோட்டைமுத்து கதவை மறித்துக்கொண்டு நின்றார். "குடை எங்கே சார் இருக்கு?"

"உள்ளேதான். நாற்காலியில."

"உள்ளே இருக்குன்னா அசைக்கக் கூடாதுங்களே."

"யோவ், அது என் குடைய்யா!"

"உங்க குடைதான். இல்லேன்னு யார் சொன்னா? ஆனா உள்ளே இருக்கே."

"அசைக்கக் கூடாதுன்னு சொன்னதே நான்தான்யா!"

"அதனாலதான் சார் இவ்வளவு கறாரா இருக்கோம். வேற யாராச்சும் சொல்லியிருந்தா எடுத்துக் குடுத்திருப்போம்."

ஆபீசர் தலைமேல் கர்ச்சீப்பைப் போட்டுக்கொண்டு, தும்மிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

அடுத்தது பெருக்குகிற வேலை. சீனியப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணே, இந்தத் தூசி எந்தக் காலத்துத் தூசி?"

"வெள்ளைக்காரன் காலத்துத் தூசியாத்தான் இருக்கும்."

"அப்போ இதுவும் பழசுதானே? அசைக்கலாமா?"

இது பெரிய சிக்கல். மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் தூசியை முறத்தில் பதமாக அள்ளி, அடியில் தரையைப் பளபளவென்று துடைத்து, தூசியைத் திரும்ப அதே இடத்தில் பரப்பிவைத்தார்கள். ஒட்டடையைப் பார்த்தார்கள். வலை பழசு, சிலந்தி புதுசு என்று தீர்மானமாயிற்று. சிலந்தியை மட்டும் விரட்டிவிட்டார்கள்.

"சரி, சம்பிரதாயம்னாரே, அது என்ன?" என்றார் சீனியப்பன்.

வெள்ளைக்கண்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இங்கே வர்ற யாரும் சும்மா உள்ளே வந்துட முடியாது. டவாலிச் சேவகன் வாசல்ல நின்னு மூணு தடவை பேரைக் கூப்பிடணும். வந்தவங்க கூண்டுல ஏறணும். யார் எது கேட்டாலும் எதிர்க்கட்சிக்காரரையும் விசாரிக்கணும். மேலே கோர்ட்டார் உக்காந்து தீர்ப்புச் சொல்லணும்."

"தீர்ப்பு வரலைன்னா?"

"வாய்தா."

"வாய்தா அன்னிக்கும் வரலைன்னா?"

"அதுக்கு இன்னொரு வாய்தா. அதுதானே சம்பிரதாயமே!"

மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

இப்படி ஏற்பாடெல்லாம் ஆன சத்திரத்துக்கு முதல்முதலாக வரப்போகிற கூட்டம் எது என்று நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளை வீட்டார்!

கோட்டைமுத்துவின் அண்ணன் பெண்சாதி செண்பகம். வெளியூரிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புத்திசாலி. அவள் வீட்டுக்காரர் தலையாட்டுவதில் ஊரிலேயே கெட்டிக்காரர். வேறு எதிலும் தலையிடமாட்டார். அவர்களுடைய ஒரே மகள் அமிர்தவல்லிக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை கதிர்வேல் தங்கமான பையன். பயமெல்லாம் அவன் பெரியப்பா தாண்டவராயனை நினைத்துத்தான். மீசையைப் பார்த்தாலே தெரியும், கோபக்காரர். பந்தியில் அப்பளம் நொறுங்கியிருந்தது என்று ஒரு கல்யாணத்தையே நிறுத்தினவர். பன்னீரில் வாசனை இல்லை என்று இன்னொன்றை நிறுத்தினவர்.

செண்பகம் கொழுந்தனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இங்கே பாரு கோட்டைமுத்து, அந்தப் பெரியப்பா மனசு கோணினா என் பொண்ணு கல்யாணம் நின்னுபோகும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவாங்க. மரியாதையாக் கூப்பிட்டு உள்ளே தங்கவை. உனக்குக் கோடிப் புண்ணியம்."

"கூப்பிடறதை எங்கிட்ட விடுங்க மதினி."

வாசல் பக்கத்தில் ஆணியில் டவாலியின் பழைய சிவப்புப் பட்டை தொங்கியது. கூப்பிடுகிறவர் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஆணியை விட்டு எடுக்கக் கூடாது. கோட்டைமுத்து அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஆணியில் தொங்கினபடியே பட்டைக்குள் தலையையும் ஒரு கையையும் நுழைத்துக்கொண்டார். சுவரோடு சுவராக, கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி நின்றுகொண்டு, சரியாக ஐந்து மணிக்குக் குரலை எடுத்தார்.

"மாப்பிள்ளை வீட்டார்! மாப்பிள்ளை வீட்டார்! மாப்பிள்ளை வீட்டார்!"

தெருவில் ஒரு எருமை மட்டும் நிமிர்ந்து பார்த்தது.

"ஆஜராகலை" என்றார் வெள்ளைக்கண்ணு. சீனியப்பன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

வழியில் டயர் பஞ்சராகி, வேன் அரைமணி கழித்து வந்தது. தாண்டவராயன் முதலில் இறங்கினார். மூடிக் கிடக்கிற கதவைப் பார்த்தார். மீசை ஒரு பக்கம் மேலே போயிற்று.

ஆரத்தித் தட்டோடு செண்பகம் ஓடிவந்தாள். ஜன்னலில் வாயை வைத்து, "கதவைத் திற கோட்டைமுத்து!" என்றாள்.

"முடியாது மதினி. மூணு தடவை கூப்பிட்டாச்சு. எருமைதான் வந்துச்சு."

"நாலாவது தடவை கூப்பிடேன்!"

உள்ளே மூன்று பேரும் அதிர்ந்துபோனார்கள். "நாலாவதா? வெள்ளைக்கண்ணு, நாலாவது தடவை கூப்பிட்டு எங்கேயாச்சும் கேட்டிருக்கியா?"

"என் பரம்பரையிலேயே கேட்டதில்லை."

செண்பகம் அந்த ஊரில் எத்தனை வருஷம் குப்பைகொட்டியவள்! உடனே சொன்னாள்: "நீ கூப்பிட்டது மாப்பிள்ளை வீட்டாரை. அவங்க வரலை, சரி. இப்போ வந்திருக்கிறது சம்பந்தி வீட்டார்."

உள்ளே குசுகுசுவென்று பேச்சு. "அப்படின்னா இது வேற கட்சி அண்ணே." "ஆமா, இவங்களை இன்னும் கூப்பிடவே இல்லையே." "பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறாங்களோ!"

"சம்பந்தி வீட்டார்! சம்பந்தி வீட்டார்! சம்பந்தி வீட்டார்!"

கதவு திறந்தது. உள்ளே போன உடனே இடம் பிரிக்கிற விசாரணை.

"இத்தனை பேரும் இங்கே வரக் காரணம் யாரு?" என்று கேட்டார் வெள்ளைக்கண்ணு.

"மாப்பிள்ளைதான்" என்றார்கள் எல்லோரும்.

"அப்போ குற்றவாளிக் கூண்டு மாப்பிள்ளைக்கு."

"பொண்ணு பாக்க வந்தப்போ பொண்ணை நேர்ல பாத்தவங்க யாரு?"

"நாங்கதான் பாத்தோம்" என்று மாப்பிள்ளையின் அத்தைமார் முன்னால் வந்தார்கள். சாட்சிக் கூண்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

"எல்லாத்துக்கும் சண்டை போடுறவர் யாரு?"

 எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் போயிற்று. தாண்டவராயனுக்கு வக்கீல் மேசை கிடைத்தது. அகலமான தேக்கு மேசை. அவர் அதைத் தட்டிப் பார்த்தார். உறுமினார். துண்டை அதன்மேல் விரித்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது கோர்ட்டார் நாற்காலி. அது காலியாக இருந்தால் சம்பிரதாயம் கெட்டுப்போகும். எந்தக் கட்சியிலும் சேராத ஆள் வேண்டும். ஊரார் முழுக்கப் பெண் வீட்டுக் கட்சி. வேனில் வந்தவர்கள் முழுக்க மாப்பிள்ளை கட்சி. என்ன செய்வது?

அப்போது பூங்கொடி, இடுப்பில் கைக்குழந்தையோடு கடைசியாக உள்ளே வந்தாள். அவள் செண்பகத்தின் அண்ணன் மகள். மாப்பிள்ளையின் பங்காளி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.

"குழந்தைக்கு அம்மா எந்தக் கட்சி?"

"பொண்ணு வீடு."

"அப்பா?"

"மாப்பிள்ளை வீடு. ஏன் கேக்குறீங்க?"

மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இதைவிட நடுநிலையான ஆளை எங்கே போய்த் தேடுவது? குழந்தை மகிழினியைக் கோர்ட்டார் நாற்காலியில், இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து, கௌரவமாக உட்காரவைத்தார்கள்.

"கோர்ட்டார் அழுதா தீர்ப்பு. தூங்கினா வாய்தா" என்றார் வெள்ளைக்கண்ணு. "அந்தக் காலத்துலயும் ஏறக்குறைய அப்படித்தான்."

விடிந்தது. மாப்பிள்ளை கூண்டுக்குள் காலை மடக்கித் தூங்கியதில் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மற்றவர்கள் செண்பகம் வீட்டுக்கே போய்க் காபி குடித்துவிட்டு வந்தார்கள். தாண்டவராயன் மட்டும் போகவில்லை. காபி அவரைத் தேடி வர வேண்டும், அதுதான் மரியாதை.

"ஏய், யாருப்பா அங்கே? ஒரு காபி!"

சீனியப்பன் ஓடிப்போய் நுரை பொங்கப் பித்தளை டம்ளரில் காபி கொண்டுவந்தார். தாண்டவராயன் கையை நீட்டினார். சீனியப்பன் நின்றுவிட்டார்.

"அண்ணே, எனக்கொரு சந்தேகம். ஒரு கட்சிக்காரர் கேட்ட உடனே குடுத்துடலாமா? எதிர்க்கட்சியை விசாரிக்க வேண்டாமா?"

"நல்ல வேளை, கேட்டே" என்றார் கோட்டைமுத்து. "காபியைக் கோர்ட்டார் மேசை மேல வை. விசாரிப்போம்."

காபி மேசைக்குப் போயிற்று. மூவரும் மேலே பார்த்தார்கள். கோர்ட்டார் வாயில் கட்டைவிரலோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

"வாய்தா" என்றார் வெள்ளைக்கண்ணு.

"என்னது?"

"உங்க காபிக்கு வாய்தாங்க."

தாண்டவராயனின் மீசை இரண்டு பக்கமும் மேலே போயிற்று. "அவ்வளவு தூரத்துக்கு ஆயிடுச்சா! இனிமே இந்த வீட்டுல சம்பந்தம் வேண்டாம். கல்யாணம் நின்னுபோச்சு! டேய், வேனை எடு!"

பந்தல் வாசலிலேயே போட்டு, விடிகாலை முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே நாதஸ்வரம் பாதியில் நின்றது. ஐயர் கையிலிருந்த நெய்க் கரண்டி அந்தரத்தில் நின்றது. மணப்பெண் அமிர்தவல்லி அம்மாவைப் பார்த்தாள். 

ஆனால் கோட்டைமுத்துவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஐயா, கோபப்படாதீங்க. கல்யாணத்தை நிறுத்தணும்கிறது தனிக் கேஸ். கூண்டுல ஏறிச் சொல்லுங்க. கேக்குறோம்."

"கேப்பீங்களா?"

"முழுசாக் கேப்போம். நடுவுல பேசினா சம்பிரதாயம் கெட்டுப்போகும்."

தாண்டவராயனுக்குக் கேட்டதை நம்ப முடியவில்லை. அவருடைய வீட்டில் அவர் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்து யாரும் பார்த்ததில்லை. அவர் "இன்னிக்கு" என்று ஆரம்பித்தால் அவர் சம்சாரம் "அதெல்லாம் முடியாது" என்று முடித்துவைப்பாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார்.

"மொதல்ல அந்த வேன்ல..." என்று உறுமினார்.

"மெதுவாங்க! கோர்ட்டார் தூங்குறாங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கிசுகிசுவென்று சொல்ல ஆரம்பித்தார். வேனில் ஜன்னலோர இடம் கொடுக்காதது. கதவு சாத்தியிருந்தது. காபி. அதற்கு முன்னால் பன்னீர், அதற்கும் முன்னால் அப்பளம், சின்ன வயசில் தம்பிக்கு மட்டும் பம்பரம் வாங்கித் தந்தது. எதிரே மூன்று பேரும் ஒவ்வொன்றுக்கும் பயபக்தியாகத் தலையாட்டினார்கள். இப்படி ஒரு தலையாட்டலை அந்த மனுஷன் ஜென்மத்தில் கண்டதில்லை. முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது.

வெளியே ஐயர் கையை உதறினார். "அம்மா, முகூர்த்தம் தாண்டிண்டிருக்கு!"

செண்பகம் பின்பக்கமாக வந்து வெள்ளைக்கண்ணுவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இந்தாப்பா, கேஸ் முடியறவரைக்கும் என்ன வழக்கம்?"

"கேஸ் போட்டப்போ எது எப்படி நடந்துக்கிட்டிருந்துச்சோ, அது அப்படியே நடக்கணும் மதினி. அந்த ஆட்டைக்கூடத் தீர்ப்பு வர்ற வரைக்கும் திருடினவன் வீட்டுலயேதானே மேய விட்டாங்க?"

"கேஸ் போட்டப்போ கல்யாணம் நடந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"ஆமா."

"அப்போ?"

வெள்ளைக்கண்ணு யோசித்தார். மூச்சை இழுத்துவிட்டார். "அப்போ நடந்துதான் ஆகணும். நிறுத்தினா அது கோர்ட்டு அவமதிப்பு."

செண்பகம் அடுத்த நொடி பந்தலில் இருந்தாள். மாப்பிள்ளை கோணின கழுத்தோடு தாலியை எடுத்தான்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

டமடமவென்று மேளம் முழங்கியது. உள்ளே கோர்ட்டார் திடுக்கிட்டு எழுந்து, கட்டடமே அதிர வீறிட்டு அழுதார்.

"தீர்ப்பு!" என்று மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிட்டால் அதை யாராலும் சமாதானம் பண்ண முடியாது; பெற்றவர்களுக்குத் தெரியும். பூங்கொடி ஓடிவருவதற்குள், கிட்டே நின்ற தாண்டவராயன் குழந்தையை வாரித் தூக்கிவிட்டார். குழந்தை அவரைப் பார்த்தது. மீசையைப் பார்த்தது. இரண்டு கையாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக் கீழே இழுத்தது. பிறகு பொக்கைவாயைத் திறந்து சிரித்தது.

"கேஸ் தள்ளுபடி" என்றார் வெள்ளைக்கண்ணு. "கோர்ட்டாரே உங்க கட்சியைக் கையில பிடிச்சுத் தாழ்த்திட்டாங்க."

"தாழ்த்தட்டும், தாழ்த்தட்டும்" என்றார் தாண்டவராயன். மீசையை விடுவித்துக்கொள்ளக்கூட அவர் முயற்சி பண்ணவில்லை. அப்படியே குழந்தையோடு பந்தலுக்குப் போய் அட்சதை போட்டார். பந்தியில் உட்கார்ந்து, நொறுங்கின அப்பளத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வேனில் ஏறும்போது மட்டும் கோட்டைமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தக் காபி கேஸ் என்ன ஆச்சு?"

"அது நிக்குதுங்க. அடுத்த அமாவாசைக்கு வாய்தா."

"வர்றேன்" என்றார்.

வந்தார். கிடைத்தது வாய்தா. அதற்கடுத்த அமாவாசைக்கும் வந்தார். ஒவ்வொரு தடவையும் தோட்டத்துக் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கூண்டில் ஏறித் தன் கட்சியைச் சொல்லிவிட்டு, முகம் தெளிந்து ஊருக்குப் போனார். பூங்கொடிக்கும் அத்தை வீட்டுக்கு வர ஒரு சாக்கு. கோர்ட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். செண்பகத்துக்குக் காய் வாங்குகிற வேலையே இல்லாமல் போயிற்று. சத்திரத்துக்கு வந்து தங்குகிற கூட்டமெல்லாம் ஆளுக்கொரு கேஸ் போட்டு, வாய்தா வாங்கி, அதற்காகவே திரும்பத் திரும்ப வந்தது.

கோர்ட்டாருக்குப் பல் முளைத்தது. தத்தித் தத்தி நடை வந்தது. ஒரு மழை நாளில், விசாரணை நடுவில், நாற்காலியிலிருந்தபடி கையை நீட்டி முதல் வார்த்தை சொன்னார்:

"தா!"

மூன்று பேரும் துள்ளி எழுந்தார்கள்.

"கேட்டீங்களா? தான்னுட்டாங்க!" கோட்டைமுத்து ஆனந்தத்தில் கூவினார். "காபி ஐயாவுக்கே!"

தாண்டவராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீட்டின கையோடு நின்றார். யாரும் டம்ளரை எடுக்கவில்லை. உள்ளே இருக்கிற சாமான் ஆயிற்றே! அவரேதான் மேசைவரை நடந்தார். கல்யாணத்தன்று வைத்த அதே டம்ளர். அதே இடம். குனிந்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆறிப்போயிருக்கே" என்றார்.

மூன்று பேரும் தலையோடு தலை சேர்த்து ஆலோசித்தார்கள்.

"ஐயா, நீங்க கேட்டது காபி" என்றார் வெள்ளைக்கண்ணு. "சூடா வேணும்னு கேஸ்ல எங்கேயும் சொல்லலை. சூடு வேற கேஸ்."

"நியாயம்தான்" என்று தாண்டவராயன் தலையாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, புதுக் கேஸ்காரர்கள் காத்திருக்கிற பெஞ்சுக்குப் போனார்.

அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர், சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு தும்மிக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உங்களுக்கு என்ன கேஸ்?" என்று கேட்டார்.

"சூடு. உங்களுக்கு?"

ஆபீசர் நாற்காலியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"குடை."